கடன் அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள்

(எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. அன்றைக்கு வர முடியாதவர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். பேசிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பாயில் உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கச்சிமார்களுக்கும், பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம். அண்ணன்மார்களே, நான் பேசப்போவது உங்கள் வீட்டு விஷயமும்தான், கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

நோட்டீசில் "இன்றைய சமூகப் பிரச்சினைகள்" என்று போட்டிருக்கிறார்கள். குடி இருக்கிறது, சாதி இருக்கிறது, படித்த பிள்ளைக்கு வேலை இல்லாமல் இருக்கிறது, எதையும் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கொடுத்த அரை மணி நேரத்தில் ஒன்றைத்தான் பேச முடியும். குழுக்கடன், அதாவது பெண்களைக் குழுவாகச் சேர்த்து நுண்கடன் கம்பெனிகள் கொடுக்கிற கடன். இந்த ஊரில் எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும் துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும், அதற்குள் இரண்டோ மூன்றோ கடன் அட்டையும் நாலைந்து ஆதார் ஜெராக்ஸும் இருக்கும். அடுத்த வீட்டுக்காரிக்கு இட்லி மாவு கடன் கொடுக்கிற நாம், இந்தக் கவரைப் பற்றி மட்டும் அவளிடம் வாயே திறப்பதில்லை.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்தது, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நம் தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. தென்னை விழுந்தால் புதுக் கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருஷம். ஆனால் டியூ பதினைந்து நாளுக்கு ஒருமுறை. தை மாசம் என்று நினைக்கிறேன், காலை ஏழு மணி, ஒரு வீட்டுத் திண்ணையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். நானும் ஒருத்தி, மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வாங்கியிருந்தேன். ஒரு தோழிக்கு 860 ரூபாய் டியூ, கையில் 300தான் இருந்தது. வசூலுக்கு வந்த தம்பி கத்தவில்லை, திட்டவில்லை. "எல்லாரும் கட்டி முடித்தால்தான் கிளம்புவேன், நீங்களும் இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. மீதி வேலையை நாங்கள் செய்தோம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், நூறு நாள் வேலைக்குப் போக வேண்டும். எட்டு மணி ஆனதும் ஒருத்தி முணுமுணுத்தாள், எட்டரைக்கு இன்னொருத்தி கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள், ஒன்பது மணிக்கு நான் கேட்டேன், "வாங்கும்போது தெரியலையா?" என்று.

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு பித்தளை அண்டா. எங்களைத் தாண்டித்தான் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். அண்டாவின் கழுத்துப் பக்கம் பெயர் வெட்டியிருந்தது, அவள் அம்மா பெயர், கல்யாணச் சீரில் வந்த அண்டா. அரை மணியில் 560 ரூபாயோடு வந்தாள், கட்டினாள், அட்டையில் கையெழுத்து வாங்கினாள். அதற்கப்புறம் என்னிடம் மூன்று வருஷம் பேசவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன், அவளிடமும் சொல்லிவிட்டேன், இப்போது உங்கள் முன்னாலும் சொல்கிறேன்.

ஏன் இதைச் சொன்னேன் என்றால், "குழு" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு விஷயத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதில்தான் குழப்பமே. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1989ல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழு தொடங்கியது, 1992ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது, 1997ல் மகளிர் திட்டம் வந்தது. அப்போது நான் நம் ஊர்க் குழுவில் ஊக்குநர். மாசம் 20 ரூபாய் சேமிப்பு. ஆறு மாசம் காசு சேர்த்து, நோட்டு எழுதி, தீர்மானம் போட்டு, அதற்கப்புறம்தான் கடன் என்ற பேச்சே. குழுவில் சேர்ந்த காசிலிருந்து நாங்களே ஒருத்திக்கொருத்தி கொடுத்த உள்கடனுக்கு இரண்டு வட்டி போட்டோம், வருஷத்துக்கு 24 சதவீதம். இப்போது நுண்கடன் கம்பெனிகள் வாங்குகிற வட்டியும் ஏறக்குறைய அந்த அளவுதான், அதை மறைக்கக் கூடாது. வித்தியாசம் எங்கே என்றால், அன்றைக்கு அந்த வட்டி நம் பெட்டியிலேயே விழுந்தது. வருஷக் கடைசியில் அது நமக்கே பங்காக வந்தது. ஒருத்தி கட்ட முடியாவிட்டால் கூட்டத்தில் வைத்துப் பேசி இரண்டு மாசம் தள்ளிப்போட எங்களுக்கு அதிகாரம் இருந்தது.

இப்போது வருகிற லோன் குழு அப்படி இல்லை. சேமிப்பு கிடையாது, நோட்டு கிடையாது, தீர்மானம் கிடையாது. நாலைந்து பேரைச் சேர்த்து ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன் போட வைக்கிறார்கள். சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று நுண்கடனுக்கு விதி இருக்கிறது. அதனால் அடமானமாக வைத்தது நம் அக்கம்பக்கத்து உறவை. தள்ளிப்போடும் அதிகாரம் நமக்குக் கிடையாது, நெருக்கும் வேலை மட்டும் நமக்கு.

சரி, அப்படியானால் கம்பெனிக் கடனே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? என்னால் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் என்ன இருந்தது? தண்டல். 10,000 ரூபாய் என்று சொல்லி கையில் 8,500 கொடுப்பார்கள், தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள். 1,500தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம் இல்லையா, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 120 சதவீதம் பக்கம் வருகிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வாசலில், பலமுறை மனு கொடுத்து அலுத்த ஒரு குடும்பம் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு தீயில் போனது. அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் கெடும். சட்டம் புத்தகத்தில் இருந்தது, அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை.

2010ல் ஆந்திராவில் நுண்கடன் வசூல் நெருக்கடி முற்றி, அரசு அவசரச் சட்டம் போட்டது. வசூல் நின்றது, கம்பெனிகள் ஆட்டம் கண்டன. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தேவைப்படுகிற 3,000 ரூபாய் நின்றுவிடுமா? இலங்கையிலும் இதே கதைதான். போர் முடிந்த பிறகு வடக்கு கிழக்கில் நுண்கடன் வீட்டுக்கு வீடு போனது, புருஷனை இழந்த பெண்கள் பலரும் அதில் சிக்கித் தவித்தார்கள் என்று அங்கேயுள்ள சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2018ல் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் சிறு நுண்கடன்களை அரசே ஏற்றுக்கொள்கிறோம் என்றது. 2021ல் பொலன்னறுவை மாவட்டத்தில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாகிரகம் உட்கார்ந்தார்கள். அவர்கள் தெருவில் வந்து உட்கார்ந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் அதற்கு முதலில் "எனக்குக் கடன் இருக்கிறது" என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

அதைத்தான் நாம் செய்வதில்லை. போன வருஷம் ஒரு தங்கச்சி என்னிடம் அழுதாள். மூன்று கம்பெனி, போதாததற்குத் தண்டல், வீட்டுக்காரருக்கு ஒரு கடன்கூடத் தெரியாது. ஏன் வாங்கினாய் என்று கேட்டால், முதல் கடன் மாமியார் ஆஸ்பத்திரிக்கு, இரண்டாவது அரசு வீடு கட்டும்போது பணம் போதாமல், மூன்றாவது முதல் இரண்டுக்கும் டியூ கட்ட. 2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலைச் சம்பளம் மாசக்கணக்கில் நின்றுபோனதே, அந்த இடைவெளியில்தான் தண்டல் உள்ளே வந்தது. இதில் ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது? நம் வருமானம் அறுப்புக்கும் நடவுக்கும் மழைக்கும் ஏற்ப வருகிறது, டியூ மட்டும் கடிகாரம் மாதிரி வருகிறது.

இப்போது விதிகளைச் சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள், செல்போனில் பதிவு செய்தாலும் சரி. 2022ல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கென்று விதி போட்டது. வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கிற கடன் எல்லாம் இதில் வரும். ஒரு குடும்பம் மாசம் கட்டுகிற எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு மாசம் 15,000 வந்தால் எல்லாம் சேர்த்து 7,500தான். நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் உங்கள் வருமானம் என்று என்ன எழுதியிருந்தது, எத்தனை பேர் பார்த்தோம்? நான் பார்க்கவில்லை.

காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்கு அப்புறமும் வசூலுக்கு ஆள் வரக் கூடாது. அந்தத் திண்ணையில் எங்களை ஏழு மணிக்கு உட்கார வைத்தார்கள், அன்றைக்கு இப்படி ஒரு விதி கையில் இல்லை, இன்றைக்கு இருக்கிறது. எங்கே வைத்துக் கட்டுவது என்பதை இரண்டு பேரும் பேசி முடிவு செய்ய வேண்டும், அந்த இடத்துக்கு நாம் தொடர்ந்து இரண்டு தடவை போகாவிட்டால்தான் அவர்கள் வீட்டுக்கு வரலாம். கெட்ட வார்த்தை, மிரட்டல், சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்வது, கட்டாதவர் பெயரை நாலு பேர் பார்க்கப் போடுவது, எல்லாமே தப்பு. முன்கூட்டியே கடனை முடித்தால் அபராதம் கேட்கக் கூடாது. கடன் அட்டை நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கட்டாய வசூலைத் தடுக்க 2025ல் நம் மாநில அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது, மிரட்டி வசூலித்தால் ஜெயில் உண்டு.

வசூலுக்கு வருகிற பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனும் பக்கத்து ஊர்ப் பிள்ளைதான், டிகிரி முடித்துவிட்டு பைக்கில் அலைகிறான், மாசக் கடைசியில் அவனை நெருக்குகிறவர் வேறு யாரோ. அவனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விதியைச் சொல்லுங்கள், மரியாதையாகச் சொல்லுங்கள், பத்துப் பேராக நின்று சொல்லுங்கள். வாங்கின கடனைக் கட்ட மாட்டோம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. டியூ தொகையைக் குறைத்து நாளை நீட்டித் தரச் சொல்லிக் கேட்போம். ஒருத்தி கேட்டால் விரட்டுவார்கள், ஊரே மனு கொடுத்தால் உட்காரச் சொல்வார்கள், குடிநீருக்கு அப்படித்தானே நமக்கு நடந்தது.

அப்புறம் பழைய குழு. நம் ஊரில் பதினான்கு குழுக்கள் இருந்தன, இப்போது ஒழுங்காக நோட்டு எழுதுவது மூன்று. மற்றவை வங்கிக் கடன் வரும்போது மட்டும் கூடுகின்றன, பணத்தைப் பிரித்துக்கொண்டு கலைகின்றன. அந்த நோட்டுகளைத் தூசு தட்ட வேண்டும். மாசம் 200 ரூபாய் வீதம் பதினைந்து பேர் போட்டால் வருஷத்தில் 36,000. ஒருத்தியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாக 5,000 எடுத்துக் கொடுக்க அது போதும், அந்த 5,000க்குத்தான் நாம் முதல் தடவை தண்டல்காரர் வீட்டுக்குப் போகிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நூலகத் திண்ணையில் இருப்பேன். கடன் அட்டைகளை அந்த பிளாஸ்டிக் கவரோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம், எந்தக் கம்பெனி, எவ்வளவு, எத்தனை டியூ பாக்கி என்று எழுதுவோம். நம் பெயரில் நமக்கே தெரியாமல் கடன் இருக்கிறதா என்று பார்க்க, கடன் தகவல் நிறுவனங்களிடம் வருஷத்துக்கு ஒருமுறை இலவச அறிக்கை வாங்கலாம், அதற்கு நம் நூலகர் தம்பி கணினியில் உதவுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பேர் வெளியே போகாது, அதற்கு நான் பொறுப்பு. வீட்டுக்காரர்களையும் கூட்டி வாருங்கள். அண்ணன்மார்களே, அன்றைக்கு வந்து யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளக் கூடாது, எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

முதல் பக்கத்தில் என் கணக்கை நானே எழுதிவிட்டேன். இரண்டாவது பக்கத்தில் தன் பெயரை எழுதச் சொன்னவள் அந்த அண்டாக்காரத் தோழிதான், அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.