மடியில் ஒரு கீபோர்டு

நேயர்களுக்கு வணக்கம். ஸ்மார்ட் டிவியில் எழுத்து அடிக்க உதவும் வயர்லெஸ் கீபோர்டைப் பற்றி இன்று பேசுகிறேன்.

என் சித்தி அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் தேறியவர். அவர் வீட்டுக் கூடத்தில் ஸ்மார்ட் டிவி மாட்டி இரண்டு மாதம் ஆன பிறகு ஒருநாள் போயிருந்தேன். பழைய டிவியில் ஓடிய அதே செய்திச் சேனல்தான் இதிலும் ஓடிக்கொண்டிருந்தது. "டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தில் தோடி ராகம் கேட்க வேண்டும் என்றுதானே இதை வாங்கினீர்கள் சித்தி?" என்று கேட்டேன். "ஒவ்வோர் எழுத்தாகப் பிடிப்பதற்குள் கட்டைவிரல் மரத்துப்போகிறது. விட்டுவிட்டேனப்பா" என்றார்.

ரிமோட்டை வாங்கி நானே முயன்றேன். 'ராஜரத்தினம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க 12 எழுத்து வேண்டும். அதில் 'ஏ' மட்டும் 4 இடத்தில் வருகிறது. திரையில் விரியும் எழுத்துப் பலகையில் 'ஏ' இடது ஓரம். 'ஜே' நடுவைத் தாண்டி வலப்பக்கம். போவதும் வருவதுமாக, அம்புக்குறியையும் ஓகே பொத்தானையும் சேர்த்து எண்ணினால் 60 தடவைக்கு மேல் அழுத்தியிருந்தேன். ஓர் அழுத்து கூடிப்போனால் பக்கத்து எழுத்து ஏறிவிடும். அழிக்கும் கட்டமோ வேறொரு மூலையில். நிமிடத்துக்கு 45 சொல் அடித்துத் தேறிய விரல்களை இப்படி நொண்ட வைத்திருக்கிறோமே என்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

குறை ரிமோட்டுடையது அல்ல. 1956-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்துக்காக ராபர்ட் அட்லர் உருவாக்கிய ரிமோட்டில் மொத்தமே 4 பொத்தான்கள்தாம்: டிவியைப் போட ஒன்று, சேனலை மேலே தள்ள ஒன்று, கீழே தள்ள ஒன்று, சத்தத்தை நிறுத்த ஒன்று. பாட்டரிகூடக் கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலி டிவிக்குக் கேட்கும். இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பிறந்த கருவி அது. இன்று அதன் தலையில் எழுத்து வேலையையும் கட்டிவிட்டோம்.

குரலால் தேடலாமே என்று கேட்பீர்கள். நல்ல வசதிதான், புதுப் படத்தின் பெயருக்குப் போதும். ஒரு பழைய வித்வானின் பெயரும் ராகத்தின் பெயரும் சேர்ந்து வந்தால் தடுமாறிவிடுகிறது. விருந்தினர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் கடவுச்சொல்லை உரக்கச் சொல்லவும் முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகு நாக்குக் குழறுகிறவர்கள், பேச்சு வராதவர்கள் வீட்டிலும் டிவி இருக்கிறது. அவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் சித்திக்கு ஒரு மினி கீபோர்டு வாங்கிப் போனேன். உள்ளங்கைக்கு அடங்குவது, இரண்டு கைகளாலும் பிடித்துக் கட்டைவிரலால் தட்டுவது. இளைஞர்களுக்கு இது தோதாக இருக்கிறது. சித்திக்கு ஒத்துவரவில்லை. விசைகள் மிளகளவு; கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார். தப்பு என்னுடையது. யாருடைய கை என்று யோசிக்காமல் அளவை மட்டும் பார்த்து வாங்கியிருந்தேன். அதைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு, மடியில் வைக்கும் வகையை வாங்கினேன். விசைகள் வழக்கமான அளவு, எண்களுக்கான தனிப்பகுதி இல்லை, வலக்கைப் பக்கம், விரலால் தடவித் திரையில் அம்பை நகர்த்த ஒரு டச்பேட். சித்தி அதை மடியில் வைத்ததும் திரையைப் பார்க்கவில்லை, கீபோர்டையும் பார்க்கவில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களும் எஃப், ஜே விசைகளில் இருக்கும் சிறு மேட்டைத் தேடித் தொட்டு நின்றன. தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த ஏ-எஸ்-டி-எஃப் வரிசை. மூச்சு விடும் நேரத்தில் ராஜரத்தினம் என்ற பெயர் திரையில் ஏறியது. அன்று சாயங்காலம் முழுவதும் அந்த வீட்டில் தோடிதான்.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில விவரங்கள். இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நகத்தளவு ரிசீவரை டிவியின் யூஎஸ்பி வாயில் செருகுவது. ஆண்ட்ராய்டு டிவி பெரும்பாலும் தானாகவே புரிந்துகொள்ளும். மற்றது ப்ளூடூத், இணைக்கும்போது திரையில் ஓர் எண் வந்தால் அதைக் கீபோர்டிலேயே தட்டி என்டர் அழுத்த வேண்டும். சாதாரண டிவியை ஸ்மார்ட் டிவியாக்க அதன் பின்னால் செருகித் தொங்கும் ஸ்டிக் வகைகளுக்கு ப்ளூடூத்தான் சுலபம், ஏனென்றால் ஸ்டிக்கில் இருக்கும் ஒரே யூஎஸ்பி வாயை மின்சாரம் பிடித்துக்கொள்கிறது. எல்லா டிவியும் கீபோர்டை ஏற்பதில்லை. கடையிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள்.

எழுத்து விட்டு விட்டு விழுகிறதா? கீபோர்டைக் குறை சொல்லுமுன் ரிசீவர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கீபோர்டும் ரிசீவரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. வைஃபையும் அதே தெருவில்தான் நடக்கிறது. அதோடு யூஎஸ்பி 3.0 வாயும் அதில் செருகிய ஹார்டு டிஸ்க்கும் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்புகின்றன என்று 2012-லேயே இன்டெல் நிறுவனம் விளக்கமாக எழுதியிருக்கிறது. ஒரு முழம் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு ரிசீவரை டிவியின் முன்பக்கம் கொண்டுவந்தால் போதும். சித்தி வீட்டில் அப்படித்தான் சரியானது.

ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியை டிவியில் இணைத்து, 'கோடி' (Kodi) என்ற மென்பொருளில் படம் பார்க்கிறவர்களுக்குக் கீபோர்டு இன்னும் பெரிய வரம். ஸ்பேஸ் தட்டினால் படம் நிற்கும், மறுபடி தட்டினால் ஓடும். எக்ஸ் தட்டினால் முடியும். 'டிவி' என்ற சொல்லின் முதல் எழுத்தான டி (T) தட்டினால் வசன வரிகள் தோன்றும், மறையும். இருட்டிலேயே செய்துவிடலாம். அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தால், தமிழில் அடிக்கத் தமிழ்99 விசைமுறையும் கிடைக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வகுத்த முறை அது. அ, ம, ம, ஆ என்று 4 விசை தட்டினால் 'அம்மா' வந்துவிடும்; இரண்டு மகரம் அடுத்தடுத்து வந்தால் முதல் மகரத்துக்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்கிறது. நம் மொழியின் போக்கை அறிந்து செய்த வேலை. டிவி செய்கிறவர்கள் இதையும் உள்ளே வைத்துத் தர வேண்டும் என்று இந்த வானொலி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2016-இல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ரிசீவர் வகைக் கீபோர்டுகள் சிலவற்றில் நாம் தட்டும் எழுத்து எந்த மறைப்பும் இல்லாமல் காற்றில் போவதைக் காட்டினார்கள். மலிவாகக் கிடைத்த கீபோர்டில் பாட்டுத் தேடுங்கள். வங்கிக் கணக்குக்குள் நுழைய வேண்டாம்.

கடைக்குப் போகும்போது, வீட்டில் அதைப் பயன்படுத்தப்போகிறவரையும் கூட்டிப் போங்கள். டப்பாவைத் திறக்கச் சொல்லி, அவர் மடியில் வைத்து, அவர் பெயரை அவரே ஒரு முறை அடித்துப் பார்க்கட்டும். கடைக்காரர் காத்திருப்பார். வணக்கம்.