கேள்விக்குப் பின் மூன்று விநாடி

(கிருஷ்ணகிரியில் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

வகுப்பை உற்றுநோக்குவது என்றதும் ஆய்வுக்கு வரும் அதிகாரியும் அவர் கையிலுள்ள படிவமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 'கற்பித்தல் நன்று, ஈடுபாடு திருப்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போவார். அதை வைத்துக்கொண்டு நாளை முதல் பாடவேளையில் எதை மாற்றுவது? பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எண்ணித் தந்தால் மாற்றலாம். நீங்கள் கேள்வி கேட்டபின் என்ன நடக்கிறது என்பதே அந்த விஷயம்.

பி.எட். படித்தவர்களுக்கு பிளாண்டர்ஸ் முறை தெரியும். 3 விநாடிக்கு ஒரு முறை வகுப்பில் நடக்கும் பேச்சு எந்த வகை என்று ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். ஆசிரியர் பேச்சுக்கு 7 வகை, மாணவர் பேச்சுக்கு 2, அமைதி அல்லது குழப்பத்துக்கு 1. நாற்பது நிமிடத்துக்கு 800 குறிப்புகள் சேரும். நல்ல முறைதான். ஆனால் பிள்ளைகள் யோசிக்கும் அமைதியும், யாருக்கும் எதுவும் விளங்காத கூச்சலும் அதில் ஒரே எண்ணில் விழுகின்றன. நமக்கு மிகவும் வேண்டிய அந்த அமைதி கணக்கில் மறைந்துவிடுகிறது.

அதைத் தனியே பிரித்து அளந்தவர் அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ. வகுப்பு ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் எழுதினார். அதை 3 விநாடி ஆக்கியபோது பதில்களின் நீளம் மூன்று மடங்கு முதல் ஏழு மடங்கு வரை கூடியது. 'தெரியாது' என்பதும் மௌனமும் குறைந்தன. இன்னொன்றும் அவர் சொன்னார்: பிள்ளை பதில் சொல்லி முடித்தபிறகும் ஓர் இடைவெளி வேண்டும். அந்த இரண்டாவது இடைவெளியை நாம் கவனிப்பதே இல்லை. 'சரி, உட்கார்' என்று சொன்ன நொடியில் மற்ற 30 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு, எது பெரிது? 'நாலுல ஒண்ணு!' என்று கோரஸாகக் குரல் வரும். மூன்றைவிட நான்கு பெரியதல்லவா! 'தப்பு, மூணுல ஒண்ணுதான் பெரிசு' என்று ஆசிரியர் திருத்துவார். எல்லாம் நான்கு விநாடியில் முடிந்துவிடும். யார் ஏன் தவறினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இதையே இப்படிச் செய்யுங்கள்: கேள்வியைச் சொல்லுங்கள். யாரும் வாய் திறக்க வேண்டாம், ஸ்லேட்டில் எழுதுங்கள் என்று சொல்லுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஸ்லேட்டைத் தூக்கச் சொல்லுங்கள். தவறாக எழுதிய ஒரு பிள்ளையிடம், 'ஒரு மாம்பழத்தை மூணு பேருக்குப் பங்கு போட்டா உனக்கு அதிகமா, நாலு பேருக்குப் போட்டா அதிகமா?' என்று கேட்டுவிட்டு மறுபடியும் காத்திருங்கள். பெயரை முதலில் சொல்லிக் கேள்வியைப் பின்னால் கேட்காதீர்கள்; பெயர் தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் ஓய்ந்துவிடுவார்கள். 'ஏழும் எட்டும் எத்தனை' போன்ற நினைவுக் கேள்விக்கு நீண்ட காத்திருப்பு வீண். 'ஏன்', 'எப்படித் தெரியும்' என்ற கேள்விக்குத்தான் அது பலன் தரும்.

தளி, கெலமங்கலம் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இது இருமடங்கு முக்கியம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை கேள்வியைத் தமிழில் வாங்கி, யோசித்து, பதிலுக்குத் தமிழ்ச் சொல் தேட வேண்டும். ஒரு விநாடி எப்படிப் போதும்? முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் வீட்டு மொழியில் ஒரு நிமிடம் சொல்லவிட்டு, பிறகு தமிழில் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளை 'மந்தம்' என்று பதிவேட்டில் எழுதுவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

இனி எண்ணும் வேலை. ஒரு தாளில் இருக்கை வரைபடம் போட்டு, பிள்ளைக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் ஒரு கோடு, தானாகக் கை தூக்கிச் சொன்னால் ஒரு வட்டம். கோரஸ் பதிலைத் தாளின் ஓரத்தில் தனியாகக் குறியுங்கள். பார்ப்பவர் பின் பெஞ்சில் உட்காரக் கூடாது. பிள்ளைகளின் முகம் தெரியும்படி முன் மூலையில், பக்கவாட்டில் உட்கார வேண்டும். காத்திருக்கும் நேரத்தை அதே சமயத்தில் அளக்க முயன்றால் இரண்டும் கெட்டுப்போகும். கைப்பேசியில் ஒலியை மட்டும் பதிவுசெய்து, பிறகு 10 கேள்விகளை எடுத்து ஸ்டாப்வாட்ச்சில் அளந்தால் போதும்.

முதல் நாள் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதால் ஆசிரியரும் மாறுவார், பிள்ளைகளும் மாறுவார்கள். அடுத்த மூன்று பாடவேளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கோடுகள் முன் வரிசையிலும் நடுவிலும் குவிந்திருக்கும். சுவரோரக் கட்டங்கள் காலியாக இருக்கும். ஓராசிரியர் பல வகுப்புகளை நடத்தும் மலைப் பள்ளிகளில் வரைபடம் மட்டும் போதாது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகப் பிரிக்கிறோம். அரும்புக் குழுவோடு ஆசிரியர் இருக்கும்போது மொட்டும் மலரும் என்ன செய்கின்றன? ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, பாடத்தில் இருப்பவர்களை எண்ணி எழுதுங்கள். நாற்பது நிமிடத்தில் 8 எண்கள் கிடைக்கும்.

ஒருமுறையாவது இரண்டு பேர் ஒரே வகுப்பைத் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டுப் பாருங்கள். 40 குறிப்புகளில் 32 ஒத்துப்போனால் 80 சதவீதம். அதற்குக் கீழே போனால், எது கோரஸ், எது தனிப் பதில் என்ற வரையறை தெளிவாக இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

வகுப்பு முடிந்ததும் தாளை ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள். முதலில் அவர் பேசட்டும். மதிப்பெண் போடாதீர்கள், அலுவலகக் கோப்பில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அடுத்த முறை உங்களுக்குக் கிடைப்பது ஒத்திகை பார்த்த பாடம்தான்.

பிறகு ஒரே ஒரு மாற்றத்தை மூன்று வாரம் செய்யுங்கள். அதே பாடம், அதே பாடவேளை, அதே பார்வையாளர் என்று மீண்டும் மூன்று பாடவேளைகளை எண்ணுங்கள். காத்திருப்பு கூடியும் காலிக் கட்டங்கள் நிரம்பவில்லையென்றால், கேட்கும் கேள்விகளை எழுதி வைத்துப் பாருங்கள். எல்லாமே ஒற்றைச் சொல் பதிலுக்கான கேள்விகளாக இருந்தால், அடுத்த மூன்று வாரத்துக்கு மாற்ற வேண்டியது அவற்றைத்தான்.