மேசன் என்றால் கொத்தனார்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று “மேசன்!” என்று கூப்பிட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று பையன்களாவது திரும்புவார்கள். பிள்ளையைத் தினமும் ‘கொத்தனாரே, சாப்பிட வா’ என்று அழைக்கிறோம் என்ற நினைப்பு அந்த அம்மாக்களுக்கு இருக்காது. 2011இல் அங்கே ஆண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் ஜேக்கபுக்கு அடுத்த இடம் மேசனுக்கு. ஜேக்கப் பைபிளில் இருந்து வந்தவர். மேசன் சாரத்தில் இருந்து இறங்கி வந்தவர்.

கல்லைக் கொத்திக் கட்டுகிறவரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் அது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். கோட்டையும் தேவாலயமும் எழும்பின, அவர்கள் சொற்களும் கூடவே ஊன்றிவிட்டன. சரி, ஒரே ஊரில் நாலு ஜான் இருந்தால் எப்படிப் பிரித்துச் சொல்வது? கல் வேலை ஜான் மேசன், வண்டிக்கார ஜான் கார்ட்டர், பீப்பாய் செய்கிறவர் கூப்பர், ஓடு வேய்கிறவர் டைலர். அப்புறம் மகன் வேறு வேலைக்குப் போனாலும் பெயர் போகவில்லை, குடும்பப்பெயராகிவிட்டது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் தாய்வீட்டுக் குடும்பப்பெயரையே பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் உண்டு. இப்போது உறவே இல்லாத குடும்பப்பெயரையும், காதுக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்தின் பழைய தேவாலயச் சுவர்களில், கல்லின் மேல் உள்ளங்கை அளவுகூட இல்லாத கீறல்கள் தெரியும்: ஓர் அம்பு, ஒரு முக்கோணம், குறுக்குக் கோடுகள். எத்தனை கல் செதுக்கினார் என்று எண்ணிக் கூலி கொடுக்க, கொத்தர்கள் ஆளுக்கொரு குறி வைத்திருந்தார்கள். குறி நிற்கிறது; போட்டவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. தொழிலின் பெயர் மட்டும் தொட்டில் வரைக்கும் வந்துவிட்டது.

எல்லாத் தொழிலும் வரவில்லை. கொல்லரைக் குறிக்கும் ஸ்மித்தான் அமெரிக்காவில் மிக அதிகமான குடும்பப்பெயர். அதைப் பிள்ளைக்கு முதல் பெயராக வைப்பவர்கள் அபூர்வம். மேசனுக்கு ஓசை துணை நின்றது: ஜேசன், லோகன், எய்டன் என்று ‘ன்’னில் முடிகிற பையன்கள் கூட்டத்தில் அது சுலபமாகச் சேர்ந்துகொண்டது. கூப்பரும் கார்ட்டரும் முதல் பெயராக வந்ததற்கு நான் சொல்லும் காரணம் வேறு. பீப்பாய் செய்கிறவரையும் மாட்டுவண்டி ஓட்டுகிறவரையும் இன்றைய பெற்றோர் பார்த்ததே இல்லை, அதனால் கூச்சமும் இல்லை. ஈயவேலை செய்தவர்களிடமிருந்து வந்த பிளம்மர் என்ற குடும்பப்பெயரும் இருக்கிறது. ஆனால் அதே தொழில்வழி வந்த பிளம்பர் இன்னும் வீட்டுக்கு வந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெயரில் ஒரு குழந்தையைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.