மணிக்கூட்டைப் பார்த்து எழும்புங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாட்பட்ட நோவைப் பற்றிய இந்தப் பேச்சைத் தொடங்க முதல் ஒரு சின்ன ஏற்பாடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் நிறுத்துவேன். அப்போது எல்லோரும் எழும்பி ஒரு நிமிடம் நிற்கவேண்டும். நாரி நோகிறவர்களும் எழும்பவேண்டும், ஒரு நோவும் இல்லாதவர்களும் எழும்பவேண்டும். காரணம் போகப்போக விளங்கும்.

நான் இயன்மருத்துவர். இங்கே திருகோணமலையில் பிசியோ என்றால்தான் தெரியும். என்னிடம் வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பெரிய கடித உறையோடு வருவார்கள், உள்ளே எக்ஸ்ரே படம் இருக்கும். தம்பலகாமத்திலிருந்து வந்த ஓர் அக்கா அந்த உறையைப் பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருந்தார். எட்டு வருட நாரி நோ. "தம்பி, என்ட முள்ளந்தண்டு தேஞ்சு போச்சாம். குனிஞ்சா முறிஞ்சிடும்" என்றார். யாரோ ஒருவர் எப்போதோ இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போன சொல். அன்றிலிருந்து அவர் திருவலையில் குந்தவில்லை. தேங்காய் துருவுவது மருமகள், தண்ணீர் அள்ளுவது மகன், கோயிலுக்குப் போவதும் நின்றுவிட்டது.

முதுகில் எந்த நோவும் இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரரிலேயே 37 சதவீதமானோருக்கு முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கிற வட்டுகளில் தேய்வு இருந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். இவர்கள் ஒருவருக்கும் நோவில்லை என்பதை மறக்கவேண்டாம். தேய்வு என்பது பெரும்பாலும் உள்ளே விழுகிற நரை. நரைத்த தலைமயிர் நோகிறதா?

மறுபக்கமும் உண்டு. சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். கை கிழிந்ததே வலை கரைக்கு வந்த பிறகுதான் தெரியும் என்பார்கள். இரண்டாம் உலகப்போரில், இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில், ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர் படுகாயமடைந்த சிப்பாய்களிடம் நோவுக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். நான்கில் மூன்று பேரளவில் வேண்டாம் என்றார்கள். உயிரோடு களத்தை விட்டு வந்துவிட்டோம் என்ற நிம்மதியும் அதில் ஒரு காரணம் என்று அவர் நினைத்தார். ஆகவே காயத்தின் அளவும் நோவின் அளவும் ஒன்றல்ல.

மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிற நோவை நாட்பட்ட நோ என்கிறோம். கள்ளன் வந்துபோன வீட்டு நாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தென்னோலை விழுந்தாலும் குரைக்கும், பூனை நடந்தாலும் குரைக்கும். நாய் நடிக்கவில்லை, உண்மையாகவே பயந்துதான் குரைக்கிறது. காயம் ஆறிய பிறகும் நரம்புத் தொகுதி அப்படி விழித்துக்கொண்டே இருக்கும். நித்திரை குறைந்தாலும், மனதில் துக்கம் இருந்தாலும் அது இன்னும் விழிக்கும். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் பார்த்த ஊர் இது. எங்களில் பலருடைய நோவுக்குள் அந்த வருடங்களும் இருக்கின்றன. அதனால் யாருக்கும் "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனம்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். நோகிறது என்று ஒருவர் சொன்னால் நோகிறதுதான்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? அமெரிக்காவில் சியாட்டில் நகரில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் இருந்தார். 1976இல் தன் முறையைப் புத்தகமாகவும் எழுதினார். அவர் கவனித்த விடயம் எளியது. நொந்தவுடன் படுத்தால் நோ உடனே குறைகிறது, ஆகவே அடுத்த தடவை இன்னும் கெதியாகப் படுக்கிறோம். நொந்தவுடன் குளிசை போட்டாலும் அதே கதைதான். ஓய்வு, குளிசை, மற்றவர்களின் அக்கறை எல்லாம் நோவுக்குக் கிடைக்கிற கூலிபோல ஆகிவிடுகின்றன, நமக்கே தெரியாமல். ஆகவே அவர் எல்லாவற்றையும் நோவின் கையிலிருந்து எடுத்து மணிக்கூட்டின் கையில் கொடுத்தார். உடற்பயிற்சி இத்தனை தடவை, ஓய்வு இத்தனை மணிக்கு, மருந்து இத்தனை மணிக்கு. நொந்தாலும் அதே, நோகாவிட்டாலும் அதே.

சரி, பத்து நிமிடம். எல்லோரும் எழும்புங்கள். முன்வரிசை ஐயா, நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று தெரியும், நீங்களும் எழும்புங்கள். நோ வந்த பிறகு எழும்பினால் நோ சொல்லித்தான் எழும்புகிறோம். இப்போது நீங்கள் எழும்பியது நேரம் சொல்லி.

இருங்கள்.

தம்பலகாமத்து அக்காவுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமையில் நோ கொஞ்சம் குறைந்தால், அன்றைக்கே வீடு கழுவி, முற்றம் கூட்டி, ஒரு கிழமை உடுப்பெல்லாம் தோய்த்து முடித்துவிடுவார். சனியும் ஞாயிறும் பாயில். திங்கள் பயம். இந்த ஏற்ற இறக்கம்தான் நாளாக நாளாக ஆளைச் சுருக்குகிறது.

குசினியில் எவ்வளவு நேரம் நின்றால் நோ ஏறுகிறது என்று மூன்று நாள் அளந்தோம். 9 நிமிடம், 6 நிமிடம், 9 நிமிடம். சராசரி 8. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் ஆறு சொச்சம், ஆறு நிமிடத்தில் தொடங்கினோம். பேரன் அலாரம் வைத்துக்கொடுத்தான். ஆறு நிமிடமானதும் கறி கொதித்துக்கொண்டிருந்தாலும் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதிரையில் இருக்கவேண்டும். நல்ல நாளிலும் ஆறுதான், கூடாத நாளிலும் ஆறுதான். நாலு நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டினோம். நல்ல நாளில் நிறுத்துவதுதான் அவருக்குப் பெரிய பாடாக இருந்தது.

அப்புறம் திருவலை. முதல் நாள் தேங்காய் இல்லாமல், ஒரு நிமிடம் குந்தச் சொன்னேன். "என்ன நடக்கும் என்று நினைக்கிறீங்கள்?" என்று கேட்டேன். "முறியும்." "எவ்வளவு நிச்சயம்?" "நூற்றுக்குத் தொண்ணூறு." என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குந்தினார். எழும்பி நின்று நாரியைத் தடவிப் பார்த்தார். "முறியல்ல" என்றார். நோ கொஞ்சம் இருந்ததுதான். ஆனால் தொண்ணூறு அறுபதாகியது. மறுகிழமை பாதித் தேங்காய். பயத்தை வாயால் சொல்லித் தீர்ப்பது கடினம். உடம்பு தானே செய்து பார்த்தால்தான் நம்பும்.

இனி வீட்டாருக்கு. கனடாவில் இருக்கும் அக்காவின் மூத்த மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுப்பார். முதல் கேள்வி "அம்மா, நாரி எப்படி?" அன்புதான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலமும் நாரியைப் பற்றியே போகும். அவரிடம் பேசி, கேள்வியை மாற்றச் சொன்னேன். இப்போது "முருங்கை காய்ச்சிட்டுதா? இன்றைக்கு எவ்வளவு நேரம் நடந்தீங்கள்?" என்று தொடங்குகிறார். ஃபோர்டைஸின் சிகிச்சை நிலையத்தில் நோப்பேச்சைக் கண்டும் காணாமல் விட்டு, செய்த வேலையைப் பாராட்டினார்கள். முதல் பாதியை எங்கள் வீடுகளில் அப்படியே செய்ய நான் சொல்லமாட்டேன். தாய் முனகினால் பிள்ளை கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் செய்துகொண்டிருக்கிற வேலையைக் கையிலிருந்து பறிக்காதீர்கள்.

ஒத்தடமும் எண்ணெயும் கன்னியா வெந்நீரூற்றுக் குளிப்பும் வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். தடவும்போது நோ குறைவதற்கு, முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற நரம்புத் தண்டில் நோவின் செய்தியைத் தடுக்கிற ஒரு வாசல் இருக்கிறது என்று 1965இலேயே மெல்சாக், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆனால் அதற்கும் ஒரு நேரம் வையுங்கள்.

இந்த முறைகள் நோவை முற்றாக எடுக்காது. நோவின் அளவு கொஞ்சம்தான் குறையும் என்று ஆய்வுகளே சொல்கின்றன. நடை கூடும், பயம் குறையும். அக்கா கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு ஏழு நிமிடத்துக்கும் இருந்து இருந்து, ஆறு வருடத்துக்குப் பிறகு கோணேசர் கோயில்வரை ஏறினார். நோவோடுதான் ஏறினார்.

ஒரு விடயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். சிறுநீர், மலம் அடக்கமுடியாமல் போனாலோ, தொடையிடுக்கு விறைத்து உணர்வில்லாமல் போனாலோ, கால் திடீரெனச் சோர்ந்தாலோ, காய்ச்சலோடு நோ வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலோ, விழுந்த பிறகு நோ தொடங்கினாலோ, மணிக்கூட்டை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போடுகிற மருந்தை வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். 500 மில்லிகிராம் பனடோல், அதாவது பரசிட்டமோல், நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவருக்கும் ஒரு நாளைக்கு எட்டுக் குளிசைக்கு மேல் கூடாது.

வாசலடியில் இரண்டு கதிரையும் ஒரு மணிக்கூடும் வைத்திருக்கிறேன். நிற்கவோ இருக்கவோ குனியவோ கஷ்டப்படுகிறவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள், உங்கள் முதல் எண்ணை அளந்து எழுதித் தருகிறேன். ஆறரை மணிவரை இருப்பேன். இப்போது மறுபடியும் எல்லோரும் எழும்புங்கள், ஒரு நிமிடம்.