அணைக்குக் கீழே இருந்த ஊர்: பெந்தோ ரொட்ரீகஸ்

[திரையில்: பிரேசில் வரைபடம். தென்கிழக்கில் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலம்]

வணக்கம். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து மலைகளில் ஒரு காலத்தில் தங்கம் எடுத்தார்கள், இப்போது இரும்புத் தாது எடுக்கிறார்கள். அங்கே மரியானா என்ற பழைய நகரத்தைச் சேர்ந்த ஒரு சின்ன ஊர்தான் பெந்தோ ரொட்ரீகஸ். 2015இல் சுரங்கக் கழிவு அணை உடைந்து சேற்றில் புதைந்த ஊர். 18ஆம் நூற்றாண்டில் தங்கம் தேடி வந்தவர்களால் உருவான ஊர். வைரமும் தங்கமும் போன பழைய அரசுச் சாலை இதன் வழியாகத்தான் சென்றது. தங்கம் தீர்ந்த பிறகும் ஊர் தங்கிவிட்டது. சுமார் 600 பேர், இரண்டு பழைய தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இல்லாத குடும்பம் அரிது. வாழை, கீரை, கோழி எல்லாம் அங்கேயே. பிக்கின்யோ என்ற காரமில்லாத குட்டி மிளகாயை ஊர்க்காரர்கள் சேர்ந்து பயிரிட்டார்கள். பெண்கள் அதில் ஜாம் காய்ச்சி விற்றார்கள். அந்த வட்டாரத்தில் அதற்கு நல்ல பெயர். ஊர்க்காரர்களில் சிலர் சுரங்கத்திலும் வேலை பார்த்தார்கள். சுரங்கத்தை எதிரியாக நினைத்து வாழ்ந்த ஊர் இல்லை இது.

[திரையில்: மலைச்சரிவின் குறுக்குவெட்டுப் படம். மேலே அணை, கீழே ஊர்]

ஊருக்கு மேலே, சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது ஃபுண்டாவ் அணை. தண்ணீர் தேக்க அல்ல, சுரங்கக் கழிவைத் தேக்கக் கட்டியது. தாதுவை அரைத்து இரும்பைப் பிரித்த பிறகு மிஞ்சும் மணலும் களிச்சேறும் தண்ணீரோடு கலந்து இங்கே வந்து நிறையும். அணை சமார்கோ நிறுவனத்துடையது. அதில் பாதிப் பங்கு பிரேசிலின் வாலே நிறுவனத்திடம், மறுபாதி ஆஸ்திரேலியாவின் பிஎச்பியிடம். 2008 இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த இந்த அணை ஏழே ஆண்டுகளில் சுமார் 110 மீட்டர் உயரத்துக்கு வளர்ந்தது.

எப்படி வளர்ந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், விஷயமே அதில்தான் இருக்கிறது. முதலில் ஒரு சின்னக் கரை கட்டுவார்கள். அதற்குப் பின்னால் கழிவு நிறையும். கரையை ஒட்டிய மணல் கொஞ்சம் இறுகியதும் அதன்மேலேயே அடுத்த படியைக் கட்டுவார்கள். அப்புறம் அதன்மேல் இன்னொன்று. அதாவது, எதைத் தடுத்து நிறுத்த வேண்டுமோ அந்தக் கழிவின்மீதே கரை ஏறி நிற்கிறது. செலவு குறைவு என்பதால் சுரங்க நிறுவனங்களுக்கு இந்த முறை பிடிக்கும். ஆனால் இரண்டு விஷயங்களில் தவறவே கூடாது. கரைக்கு அடியில் வடிந்து இறுகிய மணல்தான் இருக்க வேண்டும், களிச்சேறு இருக்கக் கூடாது. உள்ளே சேரும் நீர் வடிந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஃபுண்டாவில் இரண்டுமே தவறின. தொடங்கிய சில மாதங்களிலேயே, 2009இல், நீரை வெளியே வடிக்க அணைக்கு அடியில் வைத்த வடிகாலில் குறை தெரிந்தது. பிறகு அணைக்கு அடியில் செல்லும் ஒரு கான்கிரீட் குழாய் மேல்பாரத்தைத் தாங்காது என்று தெரியவந்தது. அதைச் சரிசெய்யும்வரை இடதுபக்கக் கரையை உள்பக்கமாகத் தள்ளிக் கட்டினார்கள். தள்ளிய இடத்தில் அடியில் இருந்தது களிச்சேறு. அதன்மேலும் கரை உயர்ந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்டில் அதே இடதுபக்கத்தில் விரிசல் விட்டது. அதற்குப் பிறகும் வேலை நிற்கவில்லை.

கடற்கரையில் அலை வந்துபோன ஈர மணலில் நின்று காலால் தட்டிக்கொண்டே இருங்கள். கெட்டியாக இருந்த மணல் திடீரென்று குழைந்து காலை உள்ளே வாங்கும். நீர் ஊறிய கழிவு மணலுக்கும் அதே குணம் உண்டு. 2015 நவம்பர் 5, மதியம் அந்தப் பகுதியில் மிகச் சிறிய நில அதிர்வுகள் பதிவாயின. சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து இடதுபக்கக் கரை குழைந்து சரிந்தது. நிலவியல் பொறியாளர் நார்பர்ட் மார்கன்ஸ்டர்ன் தலைமையிலான குழு 2016 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. உடைப்பு ஏற்கெனவே வெகுதூரம் முற்றியிருந்தது, அதிர்வு அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தியிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. "நிலநடுக்கம் வந்தது, என்ன செய்ய முடியும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

[திரையில்: சேறு பாய்ந்த பாதை]

ஊரில் ஒரு சைரன்கூட இல்லை. அன்று மாலை ஊருக்குக் கிடைத்த எச்சரிக்கை, தெருத் தெருவாக மோட்டார் சைக்கிளை ஓட்டி "ஓடுங்கள், அணை உடைந்துவிட்டது" என்று கத்திய ஒரு பெண். சுரங்கத்தின் ஒப்பந்த வேலையில் இருந்தவர், ரேடியோ வழியாகச் செய்தி கேட்டதும் கிளம்பிவிட்டார். பள்ளியில் ஆசிரியர்கள் பிள்ளைகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நிமிடக் கணக்கில் ஊர் சேற்றுக்குள் போனது. இறந்தவர்கள் 19 பேர். அவர்களில் 14 பேர் அணையில் வேலை செய்தவர்கள். மற்ற ஐந்து பேர் ஊருக்குள் இருந்தவர்கள், இரண்டு சின்னக் குழந்தைகள் உட்பட. இரவு நேரமாக இருந்திருந்தால் எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சேறு டோசே ஆற்றில் இறங்கி, 600 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, சுமார் பதினாறு நாளில் அட்லாண்டிக் கடலைத் தொட்டது. வழியெங்கும் மீன்கள் செத்தன, நகரங்களின் குடிநீர் நின்றது. அந்த ஆற்றை வாட்டு என்று அழைத்து உறவாகவே பாவித்த கிரெனாக் பழங்குடி மக்களின் இழப்புக்குத் தனி வீடியோவே வேண்டும்.

சரி, ஊர் என்ன ஆனது? மரியானாவில் வாடகை வீடுகளில் சிதறினார்கள். புது ஊருக்கான இடத்தை 2016இல் அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2019இல் தயாராகும் என்றார்கள். தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. முதல் குடும்பங்கள் குடியேறியது 2023இல்தான். காத்திருந்த முதியவர்களில் பலர் அதைப் பார்க்காமலே போய்விட்டார்கள். புது வீடுகள் பெரியவை, தெருக்கள் சீரானவை. ஆனால் பின்கட்டுத் தோட்டமும் அக்கம்பக்க வரிசையும் பழையபடி வரவில்லை என்பது பலருடைய குறை. மேட்டில் இருந்ததால் தப்பிய மெர்சேஸ் மாதா தேவாலயத்துக்குத் திருவிழா நாட்களில் இன்னமும் பழைய ஊருக்கே போகிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து 2016இல் தொடங்கிய மாதப் பத்திரிகைக்கு 'சைரன்' என்று பெயர் வைத்தார்கள்.

வழக்குகள்? 2024 அக்டோபரில் பிரேசிலில் சுமார் 17,000 கோடி ரெயால் (பிரேசில் நாணயம்) மதிப்பில் இழப்பீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதமே பிரேசில் நீதிமன்றம் குற்ற வழக்கில் நிறுவனங்களை விடுவித்தது. 2025 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் பிஎச்பிதான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்யப்போவதாக அறிவித்தது.

என்னை அதிகம் கோபப்படுத்துவது 2019 ஜனவரி 25. அதே மாநிலத்தில், புருமாடின்யோவில், அதே முறையில் கட்டிய வாலேயின் அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அங்கே சைரன் இருந்தது, ஒலிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டுமான முறைக்கே தடை வந்தது. பெந்தோ ரொட்ரீகஸ் புதைந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

[திரையில்: பராவ் டி கொக்காயிஸ் வட்டாரம்]

அணையிலிருந்து 10 கிலோமீட்டர், அல்லது சேறு 30 நிமிடத்தில் எட்டும் தூரம். இதற்குள் இருக்கும் ஊர்களை 'தானே தப்பிக்க வேண்டிய பகுதி' என்று பிரேசிலின் விதிகள் வகைப்படுத்துகின்றன. காப்பாற்ற யாரும் வந்து சேர நேரம் இருக்காது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று, மினாஸ் ஜெராய்ஸில் பராவ் டி கொக்காயிஸ் நகரத்தைச் சேர்ந்த சொக்கோஹோ. 2019 பிப்ரவரி 8 அதிகாலையில், மேலே இருக்கும் வாலே அணை ஆபத்தில் இருப்பதாக அங்கே சைரன் ஒலித்தது. கட்டிய துணியோடு வெளியேறினார்கள். அணை உடையவில்லை. ஆனால் ஆண்டுகள் பல ஓடியும் அவர்கள் ஊர் திரும்ப முடியவில்லை.