உலக்கை பிடிப்பது யார்?

(பேரையூர் வட்டாரத்து மானாவாரி உழவர்கள் கூடி நடத்திய உணவுத் திருவிழாவில் பேசியது. பேசியபடியே எழுதித் தருமாறு நண்பர்கள் கேட்டதால் அதிகம் திருத்தவில்லை.)

விழாவின் தலைவர் ஐயா அவர்களே, கொட்டகை போட இடம் தந்து, தண்ணீர் லாரியும் அனுப்பி வைத்த ஊராட்சித் தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வேளாண்மை உதவி இயக்குநர் அவர்களே, ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் அம்மா அவர்களே, பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து நிழலில் உட்கார வைத்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டிய மகளிர் குழுத் தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் வணக்கத்துக்குரிய ஆத்தா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். ஆத்தாவைத் தனியாக ஏன் சொன்னேன் என்பது போகப் போகத் தெரியும். ஒலிபெருக்கித் தம்பியை விட்டுவிட்டேன். அவருக்கும் வணக்கம். மூன்று வருடமாகக் கூலி வாங்காமல் வருகிறார்.

எனக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். குதிரைவாலி போன்ற சிறுதானியங்களைப் பற்றி நான்கு செய்திகள் பேச வேண்டும் என்று குறித்து வந்திருக்கிறேன். மண், விதை, அரவை, பந்தி. அதற்கு முன்னால், நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. என்னோடு பணியாற்றிய ஆசிரியர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். ‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு.’

இதைப் பலர் ‘வணிகனுக்குக் கொடு’ என்று மாற்றிச் சொல்கிறார்கள். கடைக்காரரிடம் கொடுத்தால் நோய் போய்விடுமா? வாணியன் என்பவர் செக்காட்டி எண்ணெய் எடுத்துத் தருபவர். பழமொழி உழவனுக்குக் கொடு என்று சொல்லவில்லை, சமையல்காரனுக்குக் கொடு என்றும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, விளைந்ததை உண்ணும் பொருளாக மாற்றித் தருகிற ஆள் ஒருவர் உண்டே, அவருக்குக் கொடு என்கிறது. அதுவும் நம் ஊரிலேயே, கண் முன்னால் ஆட்டித் தருபவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவேன்.

முதலில் மண். நம்முடையது கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வளர்ந்து மார்கழி, தையில் குதிரைவாலி வீட்டுக்கு வந்துவிடும். இதைப் பற்றி என்னைவிட உதவி இயக்குநர் ஐயா நன்றாகப் பேசுவார். அவருடைய நேரத்தை நான் எடுக்கக் கூடாது.

இரண்டாவது விதை. விதை என்றதும் இரண்டு பேரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். கடைசி நாட்களிலும் டெல்டாவில் ஊர் ஊராக உழவர்களிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார். நெல் ஜெயராமன் 2018 டிசம்பர் 6 அன்று போனார். 170க்கும் மேற்பட்ட நெல் வகைகளைத் தேடி மீட்டவர். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்து நெல் திருவிழாவில் விதையை விலைக்கு விற்க மாட்டார்கள். இரண்டு கிலோ வாங்கிப் போனால் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி என்று இன்று நகரத்துக் கடையில் பெயர் சொல்லிக் கேட்கிறார்களே, அதற்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நெல்லை மீட்டார்கள், அது சோறாகப் பந்திக்கு வந்துவிட்டது. ஏனென்றால் நெல்லுக்கு ஆலை இருக்கிறது. குதிரைவாலியையும் வரகையும் சாமையையும் பற்றி அதைவிட அதிகமாகப் பேசியிருக்கிறோம். இந்தியா கேட்டு, ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகவே அறிவித்தது. எத்தனை பேரணி, எத்தனை கோலப் போட்டி! அந்த ஆண்டு முடிந்தது. நம் ஊரில் எத்தனை வீட்டில் இன்று குதிரைவாலி உலை கொதித்தது? கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

ஏன் கொதிக்கவில்லை? நானும் ரொம்ப நாள் எல்லோரும் சொல்வதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நாகரிகம் வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு நாக்கு மாறிவிட்டது, ரேஷனில் 2011 ஜூனிலிருந்து மாதம் 20 கிலோ அரிசி காசில்லாமல் கிடைக்கிறது, பிறகு யார் இதைச் சீந்துவார்கள் என்று. அது தப்பு என்று எனக்குப் புரிய வைத்தவர் யார் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நம் குழுவில் ஒரு அக்கா மூன்று குறுக்கம் நிலத்தில் குதிரைவாலி போட்டிருந்தார். நல்ல மழை, நல்ல விளைச்சல். வெளியூர் வியாபாரி களத்து மேட்டுக்கே வந்து உமியோடு விலை கேட்டார். அவர் கேட்ட விலை அக்காவுக்கு அறுப்புக் கூலிக்கே பற்றாது. நான்தான் வீம்பு பிடித்தேன். “விற்காதீங்க அக்கா, அரிசியாக்குவோம், நம்ம ஊர்க்காரங்களே வாங்குவாங்க” என்றேன். ஒரு ஐம்பது கிலோ மூட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம்.

முதலில் ஒரு நெல் ஆலை. முதலாளி மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். “சார், இது என் ரப்பர் உருளைக்கு நடுவுல மணலாட்டம் ஓடிரும், ஒண்ணும் நடக்காது” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்து ஒரு மாவு மில். அவர் மாவு வேண்டுமானால் உமியோடு அரைத்துத் தருகிறேன் என்றார். மாட்டுக்கு வைக்கலாம், மனிதன் தின்ன முடியாது. மூன்றாவது இடத்தில், அடுத்த மாவட்டத்தில் ஒரு இயந்திரம் இருக்கிறது என்று முகவரி கொடுத்தார்கள். மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனோம். அங்கே பகல் முழுக்க வரிசை. சாயங்காலம் எங்கள் முறை வந்தபோது மின்சாரம் போனது. அது திரும்பி வந்து அரைத்து முடித்தபோது இரவு எட்டரை. ஐம்பது கிலோ போனது, அரிசியாக இருபத்தெட்டு கிலோ வந்தது, அதில் பாதி நொய். அக்கா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூட்டையைக் கட்டினார்.

கடைசி பஸ். கண்டக்டர் மூட்டையைக் கண்டதும் “லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும். என்ன மூட்டை?” என்று கேட்டார். அக்கா குதிரைவாலி என்றார். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கப் போன கையை நிறுத்திவிட்டார். “குதிரவாலியா? எங்க ஆத்தா இதத்தான் பொங்கிப் போடும். மோர் ஊத்தி வெங்காயத்தக் கடிச்சிக்கிட்டுச் சாப்பிடுவோம். இருபது வருசமாச்சு கண்ணுல பார்த்து” என்றார். அப்புறம் எங்களிடம் மூட்டைக்குக் காசு கேட்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்து, லக்கேஜ் டிக்கெட்டையும் அவரே கிழித்துக்கொண்டு, “எங்க ஆத்தாவுக்கு ஒரு ரெண்டு கிலோ தருவீங்களா?” என்று கேட்டார். பஸ்ஸில் இருந்த பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அந்த இருட்டில் மூட்டையைப் பிரித்து, படி இல்லாததால் என் டிபன் பாக்ஸ் மூடியால் அளந்து போட்டார். இறங்குவதற்குள் இன்னும் நாலு பேர் வாங்கினார்கள். வீம்பு பிடித்தது வீண் போகவில்லை என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் தன் தாயாரை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல். அரிசியைக் கையில் வாங்கித் தேய்த்து, வாயால் ஊதிப் பார்த்தது. பிறகு கேட்டது. “அரிசி நல்லாத்தான் இருக்கு. குத்துனது யாரு?” மெஷின் என்று சொன்னோம். ஆத்தா நம்பவில்லை, திரும்பக் கேட்டது. பிறகு இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் விரித்துக் காட்டியது. காய்ப்பு இன்னும் போகவில்லை. “நாலு மணிக்கு எந்திரிச்சு குத்தினாத்தான் எட்டு உருப்படிக்கு ஒரு நேரக் கஞ்சி. ஒரு தடவ குத்துனா போதாது, குத்திப் புடைச்சு, குத்திப் புடைச்சு… நிறமாசத்துலயும் குத்தினேன். நாங்க இத விட்டதுக்கு ரேசன் அரிசி காரணமில்ல தம்பி. உலக்கைதான் காரணம்.”

அந்த ஆத்தாதான் முன்வரிசையில் இருக்கிறார்கள். எல்லோரும் ஒருமுறை கை தட்டுங்கள்.

மூன்றாவது, அரவை. என் நாலு தலைப்பில் மற்ற மூன்றும் அன்றைக்கே எனக்குச் சிறிதாகிவிட்டன. கேழ்வரகுக்கு உமி நீக்கும் வேலை இல்லை. அடித்துப் புடைத்தால் நேராகத் திரிகைக்குப் போகலாம். அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 2023இல் நம் அரசு தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்க முடிந்ததும் அதனால்தான். ஆனால் குதிரைவாலி, சாமை, தினை, வரகு, பனிவரகு, இவற்றுக்கெல்லாம் கெட்டியான உமி. வரகு இன்னும் மோசம், அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். அதற்கென்றே மண்ணால் திரிகை செய்து வைத்திருந்தார்கள். இந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. நாம் மேடையில் நின்று “பழைய உணவுக்குத் திரும்புங்கள்” என்று சொல்கிறோமே, உலக்கையை யார் கையில் திரும்பக் கொடுக்கப் போகிறோம்? இதைக் கேட்காமல் பாரம்பரியம் பேசுவது அந்தத் தாய்மார்களுக்குச் செய்யும் அநியாயம்.

கொல்லிமலையில் இதைப் புரிந்துகொண்டு வேலை செய்திருக்கிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டிய ஊர். ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவி, சாமையும் தினையும் சுருங்கிப்போன மலை அது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே விதையை மட்டும் கொடுத்துவிட்டு இறங்கிவிடவில்லை. கிராமத்திலேயே அரவை இயந்திரம் வைத்துப் பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். ஒடிசாவில் 2017இல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்திலும் கொள்முதலோடு அரவையையும் சேர்த்தே பார்த்தார்கள்.

ஊரிலேயே அரைப்பதில் இன்னொரு நன்மை உண்டு, மருத்துவர் அம்மா கவனிக்க வேண்டும். உமியோடு இருக்கும் தானியம் குதிரில் வருடக்கணக்கில் கெடாது. உமி நீக்கிய பிறகு தவிட்டில் இருக்கும் எண்ணெய்ச் சத்து சில மாதத்தில் சிக்குவாடை அடித்துவிடும். அதனால் தொலைதூரம் போகும் பாக்கெட்டுக்குத் தவிட்டையும் சேர்த்துத் தீட்டி வெள்ளை வெளேரென்று ஆக்கிவிடுகிறார்கள். எந்தச் சத்துக்காக வாங்கினோமோ அதில் பெரும்பகுதி போய்விட்டது. மாதம் ஒரு தடவை நம் ஊரில் அரைத்துக்கொண்டால் தவிட்டோடு தின்னலாம். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்றார்களே, வாணியன் நம் தெருவில் இருந்தால்தானே கொடுக்க முடியும்? மரச்செக்கு இன்று சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டது. உமி நீக்கும் இயந்திரம் ஏன் வரவில்லை?

ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குதிரைவாலி தின்றால் சர்க்கரை ஓடிப்போகும் என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், மருத்துவர் அம்மாவிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான். இதைச் சொன்னால் போதும், மிகைப்படுத்தத் தேவையில்லை.

நாலாவது, பந்தி. உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது. பள்ளிக் காலை உணவுத் திட்டமும் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது. தலைமையாசிரியை பள்ளியில் பிள்ளைகள் காலையில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் அந்தப் பொங்கல் குதிரைவாலிப் பொங்கலாக இருந்தால் இந்த வட்டாரத்து உழவனுக்கு நிலையான வியாபாரம். சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி மூன்று ரூபாய், கோதுமை இரண்டு ரூபாய், சிறுதானியம் ஒரு ரூபாய் என்றுதான் விலை போட்டது. இன்னும் நிறையப் பேசலாம், ஆனால் தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அவர் பார்ப்பது நியாயம்தான்.

ஆகவே என் கோரிக்கைக்கு வருகிறேன். அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டம் வருகிறது. இந்த ஒன்றியத்துக்கு ஒரு அரவைக் கூடம் வேண்டும். கல் நீக்கும் சல்லடை, உமி நீக்கும் இயந்திரம், காற்றில் உமியைத் தூற்றும் கருவி, மூன்றும் சேர்ந்தது. கொட்டகையும் மின் இணைப்பும் ஊராட்சி தர வேண்டும். நடத்துவது மகளிர் குழுவாக இருக்க வேண்டும், லாபமும் அவர்களுக்கே. இதைத் தீர்மானமாக எல்லா ஊராட்சியிலும் நிறைவேற்ற வேண்டும். ஊராட்சித் தலைவர் ஐயா தலையாட்டுகிறார், ஒலிபெருக்கித் தம்பி, அதை வீடியோவில் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் செய்வார் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்.

கையெழுத்துத் தாள் பந்தல் வாசலில் அக்காவிடம் இருக்கிறது. பந்திக்குப் போகிற வழிதான், குதிரைவாலிப் பொங்கலும் கத்திரிக்காய்க் கொத்சும் தயாராகிவிட்டது. யாரும் முண்ட வேண்டாம். அக்கா, தாளையும் மைப்பெட்டியையும் முதலில் ஆத்தா உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.