வில் இழுக்கும்போது ‘கிறீச்’ சத்தமா? எண்ணெயைத் தொடாதீர்கள்!

வணக்கம் நண்பர்களே. முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். நாணை மெதுவாக இழுக்கிறேன்... ‘கிறீச்’. கேட்டதா? கழற்றி மாட்டும் ரிகர்வ் வில், அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த வில், வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சத்தம்தான். கேட்டவுடனே கை எண்ணெய்க் குப்பிக்குத்தான் போகும். அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வையுங்கள்.

ஸ்ட்ரிங்கர், அதாவது நாண் ஏற்றி இறக்க உதவும் கயிறு, போட்டு நாணைக் கழற்றிவிட்டேன். இப்போது லிம்பை, அதாவது வில்லின் வளையும் கையை, நேராக உருவுகிறேன். ஆட்டி, முறுக்கி இழுக்கக் கூடாது. சரி, கேமரா கிட்டே வாருங்கள். லிம்பின் அடிமுனையில் யு வடிவத்தில் ஒரு வெட்டு தெரிகிறதா? அது ரைசரில், அதாவது நாம் பிடிக்கும் நடுப்பகுதியில், இருக்கும் லிம்ப் போல்ட்டின் தலைக்கு அடியில் போய் உட்காரும். கொஞ்சம் தள்ளி ஒரு உலோகத் துண்டு, அதில் ஸ்பிரிங் வைத்த சின்னப் பின். இது ரைசரின் பள்ளத்துக்குள் வழுக்கிப் போய் ‘க்ளிக்’ என்று நிற்கும். பலர் இந்தப் பின்தான் லிம்பைத் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. நாண் ஏற்றும்வரை லிம்ப் விழாமல் பிடித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. நாண் ஏறியபின் பாரம் முழுக்க போல்ட் தலையின் அடியிலும், லிம்ப் ரைசரில் சாய்கிற இடத்திலும்தான் விழுகிறது. சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

இந்த அமைப்புக்குப் பெயர் ஐ.எல்.எஃப்., அதாவது இன்டர்நேஷனல் லிம்ப் ஃபிட்டிங். ஹொய்ட் நிறுவனத்தின் வில்களில் தொடங்கி, இன்று பல நிறுவனங்களுக்கும் பொதுவாகிவிட்டது. ஒருவர் ரைசரில் இன்னொருவர் லிம்பைப் பொருத்தலாம், வசதிதான். ஆனால் அளவில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் உரசும்.

இதோ, யு வெட்டின் ஓரத்தில் கரியாக ஒரு பொடி. தேய்ந்த உலோகமும் மைதானத்துத் தூசும் சேர்ந்தது. இதன்மேல் எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? மெக்கானிக் கடையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் மாதிரி ஆகிவிடும். சத்தம் இரண்டு நாள் அடங்கும், தேய்மானம் அடங்காது. அதனால் உலர்ந்த துணியால் துடையுங்கள். பள்ளத்தின் மூலைக்குப் பழைய டூத் பிரஷ் போதும். பின்னை விரலால் அழுத்திப் பாருங்கள், சட்டென்று திரும்பி வர வேண்டும். சிக்கினால் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு உலோகத்தை மட்டும் துடையுங்கள். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், லிம்பின் பூச்சைத் தின்றுவிடும்.

அப்புறம், யு வெட்டிலும் ரைசரில் லிம்ப் படும் இடத்திலும் தேன்மெழுகை லேசாகத் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கிரீஸ் போட ஒரே இடம் லிம்ப் போல்ட்டின் மரை. அங்கேயும் துளிதான். பல ரைசர்களில் அந்தப் போல்ட்டைப் பூட்டி வைக்க இன்னொரு ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தாமல் ஆலன் கீயைப் போட்டுத் திருகினால் மரை போய்விடும். கழற்றும் முன் போல்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். இல்லையென்றால் வில்லின் இழுவைப் பாரமும், டில்லரும் (நாணிலிருந்து மேல், கீழ் லிம்புகளுக்கு உள்ள தூரங்களின் வித்தியாசம்) மாறிவிடும்.

சரி, மாட்டியாகிவிட்டது. நாண் ஏற்றி இழுக்கிறேன்... சத்தமே இல்லை.

இவ்வளவு செய்தும் உங்கள் வில்லில் சத்தம் நிற்கவில்லை என்றால், அதுவும் ‘டிக்’ என்று வெட்டினாற்போல் வந்தால், இணைப்பைக் குறை சொல்லாதீர்கள். பஞ்சை எடுத்து லிம்பின் இரண்டு பக்கமும், ஓரங்களிலும் மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது நார் சிக்கினால் அங்கே விரிசல் இருக்கலாம். அந்த லிம்பை இனி இழுக்காதீர்கள், விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். டில்லர் அளப்பதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.